ஹேர் மாஸ்க்கா, கண்டிஷனரா? வடிகஞ்சியில் சீயக்காய் கரைத்த ஊர் சொல்லும் கணக்கு

காலை ஏழரை மணி. திருவையாறு பஸ் ஸ்டாண்டில் தஞ்சாவூர் பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தில் வேலைக்குப் போகிற இளம்பெண்கள் பலர். தலைக்குக் குளித்துவிட்டு, முடி காய நேரமில்லாமல், நுனியில் ஒரு கிளிப் மாட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். சுமார் 13 கிலோமீட்டர் பயணம். ஜன்னல் காற்றில் அந்த ஈர முடி காய்ந்து, தஞ்சாவூரில் இறங்கும்போது சிக்கு விழுந்து வைக்கோல் மாதிரி ஆகியிருக்கும். அந்த அரை மணி நேரத்தில் கையில் இருக்கும் செல்போன் ஒரு தீர்வு சொல்லும்: "கண்டிஷனர் எல்லாம் பழசு, ஹேர் மாஸ்க் போடுங்க." அடுத்த ரீல்ஸ் வேறு மாதிரி சொல்லும்: "மாஸ்க் வாரம் ஒரு தடவை, கண்டிஷனர் ஒவ்வொரு தடவையும், சீரம் தினமும்." மூன்றையும் வாங்கினால் மாதச் செலவில் ஆயிரம் ரூபாய் போய்விடும்.

இதில் எது தேவை, எது தேவையில்லை? நேரடியாகச் சொன்னால், பெரும்பாலானவர்களுக்கு ஒரு சாதாரண கண்டிஷனரே போதும். மாஸ்க் சிலருக்கு மட்டும்தான் தேவை. முடி கொட்டுகிறது என்பதற்காக மாஸ்க் வாங்குகிறவர்களுக்கு இந்த இரண்டுமே தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. ஏன் என்று பார்க்கலாம்.

முடிக்கு 'ஊட்டச்சத்து' கொடுக்க முடியுமா?

விளம்பரங்களில் அதிகம் வரும் சொல் 'ஊட்டம்'. ஆனால் தலைக்கு வெளியே தெரியும் முடி உயிருள்ள பொருள் கிடையாது. நகம் மாதிரிதான். கெராட்டின் என்ற புரதத்தால் ஆன இழை. உயிர் இருப்பது தோலுக்கு அடியில், வேர்ப்பகுதியில் மட்டும். அந்த வேருக்குச் சாப்பாடு ரத்தம் வழியாகப் போகிறது. வெளியே தடவும் எந்தக் களிம்பும் இழைக்கு உணவாக முடியாது.

அப்படியானால் கண்டிஷனரும் மாஸ்க்கும் என்னதான் செய்கின்றன? டெல்டா கிராமங்களில் இன்னும் மிச்சமிருக்கும் நாட்டு ஓட்டு வீட்டை நினைத்துக்கொண்டால் புரியும். முடி இழையின் மேற்பரப்பு அந்தக் கூரை மாதிரிதான். மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கப்பட்டிருக்கும். ஓடுகள் படிந்து கிடந்தால் வெளிச்சம் சீராகப் பட்டுத் திரும்பும். அதைத்தான் பளபளப்பு என்கிறோம். ஓடுகள் தூக்கிக்கொண்டால் ஒரு முடி இன்னொரு முடியில் மாட்டும்; அதுதான் சிக்கு. ஓடுகள் உடைந்து விழுந்தால் உள்ளே இருக்கும் நார் வெளியே தெரியும். அதுதான் நுனிப் பிளவு.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். பின்னல் 60 சென்டிமீட்டர் நீளம் என்றால் அதன் நுனிக்கு ஐந்து வயது. ஐந்து கோடை வெயில், நூற்றுக்கணக்கான ஷாம்பு, ஆயிரக்கணக்கான சீப்பு இழுப்பு எல்லாவற்றையும் பார்த்த முடி அது. வேரோரம் இருப்பதோ போன மாதம் முளைத்தது. அதனால்தான் ஒரே தலையில் மேலே எண்ணெய்ப் பிசுக்கும் கீழே வறட்சியும் இருக்கின்றன. கண்டிஷனர், மாஸ்க் இரண்டுமே நுனிக்கானவை. வேருக்கானவை அல்ல.

கண்டிஷனர் எப்படி வேலை செய்கிறது?

ஈரத்தில் முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருக்கும். சேதமான இடங்களில் அது இன்னும் அதிகம். கண்டிஷனரின் முக்கியப் பொருள் நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு வகை மூலக்கூறு. எதிரும் நேரும் ஈர்க்கும். அந்த மூலக்கூறு முடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் கொழுப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முடிமேல் ஒரு மெல்லிய வழுக்குப் படலம் உருவாகும். சேதமான இடம்தான் அதிகம் ஈர்க்கும் என்பதால், தேவையான இடத்தில் அதிகமாகவும் தேவையில்லாத இடத்தில் குறைவாகவும் தானாகவே ஒட்டும். கூரையில் எந்த ஓடு தூக்கியிருக்கிறதோ அங்கே தானாகப் போய்ப் பூசிக்கொள்ளும் சாந்து மாதிரி.

இந்த ஒட்டுதலின் பெரும்பகுதி சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். அலசும்போது உபரியாக இருப்பது போய், ஒட்டியது மட்டும் நிற்கும். அடுத்த ஷாம்பு வரைக்கும் சிக்கு குறையும், சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், இழுப்பில் அறுந்துபோகும் முடியும் குறையும். கண்டிஷனரின் பயன் அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயம் இல்லை. நீளமான முடி வைத்திருப்பவருக்குச் சேதத்தின் பெரும்பங்கு தினசரி சீப்பு இழுப்பில்தான் நடக்கிறது.

அப்போ மாஸ்க்?

இரண்டு டப்பாக்களின் பின்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். முதல் ஐந்தாறு பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: தண்ணீர், செட்டரில் ஆல்கஹால், பெஹன்ட்ரைமோனியம் குளோரைடு அல்லது செட்ரைமோனியம் குளோரைடு, டைமெதிக்கோன் என்ற சிலிக்கான். மாஸ்க்கில் இவை கொஞ்சம் கெட்டியாக, அதிக அளவில் இருக்கும். கூடவே சில எண்ணெய்கள், வெண்ணெய் போன்ற கொழுப்புகள், சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதம் ஆகியவை சேரலாம். ஷாம்பு போட்டு அலசிய முடியில் பூசி, ஐந்திலிருந்து இருபது நிமிடம் வரை விட்டு அலசச் சொல்வார்கள்.

ஆக, மாஸ்க் என்பது வேறொரு மருந்து இல்லை. அதே கண்டிஷனரின் கெட்டிப் பதிப்பு. ரசத்துக்கும் சாம்பாருக்கும் உள்ள வித்தியாசம்கூட இல்லை. தண்ணிச் சாம்பாருக்கும் கெட்டிச் சாம்பாருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

'டீப் கண்டிஷனிங்' என்ற பெயர் வேறு எதிர்பார்ப்பை உண்டாக்கிவிடுகிறது. சின்ன மூலக்கூறுகள் கொஞ்சம் உள்ளே போகும் என்பது உண்மை. ஆனால் உடைந்த முடியை நிரந்தரமாகச் சரிசெய்யும் வேலை அங்கே நடப்பதில்லை. பிளந்த நுனியைத் தற்காலிகமாக ஒட்டவைக்கலாம். அடுத்தடுத்த அலசலில் திரும்பப் பிளக்கும். பிளந்த நுனிக்கு ஒரே தீர்வு கத்தரிக்கோல்.

வடிகஞ்சிக் கணக்கு

'மாஸ்க்' என்ற பெயர்தான் புதுசு, காரியம் பழசு. நெல் விளைகிற டெல்டாவில் சோறு வடித்த கஞ்சி வீணாகாது. மாட்டுக்குப் போகும், வெள்ளைத் துணிக்குப் போகும், வெள்ளிக்கிழமை என்றால் சீயக்காய்த் தூள் கரைக்கவும் போகும். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று எண்ணெய்க் குளியலுக்கு நாள் வைத்திருந்த வீடுகளில் வரிசை ஒன்றுதான்: முதலில் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய், பிறகு கஞ்சியில் கரைத்த சீயக்காய், சில வீடுகளில் அரப்பு, கூடவே ஊறவைத்து அரைத்த வெந்தயமோ செம்பருத்தி இலையோ.

இந்த வரிசையை இன்றைய அறிவியல் கண்ணோடு பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். குளிப்பதற்கு முன்பே எண்ணெய் முடிக்குக் காவலாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. சீயக்காயில் இயற்கையாக நுரைக்கும் சப்போனின் அழுக்கை எடுக்கிறது. கஞ்சியின் மாவுச்சத்தும், வெந்தயம், செம்பருத்தி இலை ஆகியவற்றின் வழுவழுப்பும் முடிமேல் ஒரு படலம் போடுகின்றன. சுத்தம் செய்வதும் வழுக்க வைப்பதும் ஒரே குளியலில் நடந்துவிடுகிறது. பாட்டி கண்டிஷனர் என்று தனியாக எதையும் கேட்காததற்குக் காரணம், அது சீயக்காய்க் கிண்ணத்திலேயே இருந்தது.

அரிசி விளையும் இன்னொரு நாட்டிலும் இதே கதைதான். ஜப்பானில் ஹெய்யான் காலத்து அரண்மனைப் பெண்கள் தரையைத் தொடும் கூந்தலை அரிசி கழுவிய நீரால் பராமரித்ததாகக் குறிப்புகள் உண்டு. அந்த நீருக்கு 'யுசுரு' என்று பெயர். 2010-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது முடியின் உராய்வு குறைந்ததைப் பதிவு செய்தார்கள். கவனிக்க வேண்டியது: குறைந்தது உராய்வு. 'ஒரே மாதத்தில் முடி ஒரு அடி வளரும்' என்று ரீல்ஸில் வருவதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடையாது.

ஷாம்பு பாக்கெட் வந்த பிறகு

இந்த வரிசை கலைந்ததில் டெல்டாவுக்குப் பக்கத்து ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன்தான் சின்னச் சின்னப் பாக்கெட்டில் பொருளை அடைத்து ஏழைக்கும் எட்டும்படி விற்கலாம் என்று யோசித்தவர். அவருடைய குடும்பத்திலிருந்து முதலில் வெல்வெட் ஷாம்பு வந்தது. பிறகு அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயுடன் தனியாகத் தொழில் தொடங்கி 'சிக்' ஷாம்புவைக் கொண்டுவந்தார். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு புதுப் பாக்கெட் இலவசம் என்ற திட்டம் கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தது. பெட்டிக்கடைச் சரத்தில் ஷாம்பு தொங்கத் தொடங்கியது அப்படித்தான். அது உண்மையிலேயே ஒரு ஜனநாயகம். சீயக்காய் அரைக்க மில்லுக்குப் போகவேண்டாம், கண் எரியாது, பத்து நிமிடத்தில் குளியல் முடிந்துவிடும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த நேரம் பெரிய விஷயம்.

ஆனால் ஷாம்பு செய்தது பழைய வேலையில் பாதியை மட்டும்தான். அழுக்கோடு சேர்த்து முடியின் இயற்கைக் கொழுப்பையும் எடுத்தது. வழுக்குப் படலத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த மீதிப் பாதிதான் கண்டிஷனர். அதனால் ஷாம்பு போடுகிறவருக்குக் கண்டிஷனர் ஆடம்பரம் இல்லை. குளியலின் இரண்டாம் பாதி. கண்டிஷனரை ஒழுங்காகப் போடுகிறவருக்கு மாஸ்க் மூன்றாம் பாதி. ஒன்றுக்கு மூன்று பாதி இருக்க முடியாது.

தேங்காய் எண்ணெய்: உண்மையான 'ப்ரீ வாஷ் மாஸ்க்'

எண்ணெய் வைப்பதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு ஆய்வைத் தெரிந்துகொள்ளலாம். 2003-ல் ஜர்னல் ஆஃப் காஸ்மெட்டிக் சயின்ஸ் இதழில் வந்தது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டதில், குளிப்பதற்கு முன்போ பின்போ தடவியபோது முடியிலிருந்து கரைந்து போகும் புரதத்தைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். காரணமாகச் சொல்லப்பட்டது அதிலுள்ள லாரிக் அமிலம். சின்ன, நேரான மூலக்கூறு என்பதால் இழைக்குள் புகுந்துகொள்கிறது. இந்த ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவினர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதற்காக முடிவைத் தூக்கி எறியத் தேவையில்லை. தெரிந்துகொண்டு படித்தால் போதும்.

குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நுனி வரைக்கும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், பிறகு ஷாம்பு, பிறகு கண்டிஷனர். விலை உயர்ந்த மாஸ்க்கிடம் எதிர்பார்க்கும் வேலையில் பெரும்பகுதியை வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டிலே செய்துவிடும். பொடுகு இருப்பவர்கள் மட்டும் தலைத்தோலில் எண்ணெயை ஊறவைக்கவேண்டாம். பொடுகோடு தொடர்புடைய பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசை ரொம்பப் பிடிக்கும்.

"ஆத்துத் தண்ணியில குளிச்சப்ப நல்லா இருந்துச்சே!"

ஐந்து ஆறுகளால் பெயர் பெற்ற திருவையாற்றிலிருந்து சென்னைக்கோ பெங்களூருவுக்கோ வேலைக்குப் போனவர்கள் அடிக்கடி சொல்வது இது. காவிரிப் படித்துறையில் முங்கிக் குளித்தபோது பஞ்சு மாதிரி இருந்த முடி, ஹாஸ்டல் போர் தண்ணியில் கயிறு மாதிரி ஆகிவிட்டது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை.

கடின நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். அவை முடியில் படியும். இதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், 15 பேரின் முடியைக் கடின நீரிலும் காய்ச்சி வடித்த நீரிலும் தனித்தனியாக நனைத்துப் பார்த்தார்கள். முடியின் இழுவலிமையிலும் நெகிழ்விலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பின்னர் நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வில், கடின நீரில் நனைந்த முடியின் மேற்பரப்பு சொரசொரப்பாகத் தெரிந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால், போர் தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கலாம், வேரோடு பிடுங்காது. சொரசொரப்புக்கு மருந்து கண்டிஷனர். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு மக் நல்ல தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தண்ணீர் மாறியதால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று நினைப்பவர்கள், தண்ணீரோடு சேர்த்து வேறு என்னவெல்லாம் மாறியது என்றும் பார்க்கவேண்டும். வீட்டுச் சாப்பாடு போய் ஹாஸ்டல் சாப்பாடு வந்திருக்கும். தூக்கம் குறைந்திருக்கும். காலை டிபன் காணாமல் போயிருக்கும்.

சரி, யாருக்கு எது?

எண்ணெய்ப் பிசுக்கு அதிகமுள்ள, மெல்லிய, நேரான முடி: லேசான கண்டிஷனர், நுனியில் மட்டும். மாஸ்க் போட்டால் முடி படுத்துவிடும்.

கலரோ ப்ளீச்சோ செய்யாத, தோள் வரையிலான சாதாரண முடி: ஒவ்வொரு ஷாம்புவுக்குப் பிறகும் கண்டிஷனர். வேறெதுவும் வேண்டாம்.

சுருள் முடி, அடர்ந்த முடி, இடுப்பு வரை நீளும் முடி: கண்டிஷனரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சுருளில் வளைவுக்கு வளைவு செதில் தூக்கும், தலையின் எண்ணெயும் நுனி வரை இறங்காது. வாரம் ஒரு முறை மாஸ்க் இவர்களுக்கு வித்தியாசம் காட்டலாம்.

ப்ளீச் செய்தது, கலர் போட்டது, ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தது, தினமும் சூடான இரும்பு படுவது: மாஸ்க் உண்மையிலேயே பயன்படும் கூட்டம் இதுதான். முடியின்மேல் பிறப்பிலேயே இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தை ப்ளீச் கரைத்துவிடும். அந்த இடத்தை நிரப்பக் கெட்டியான பூச்சு வேண்டும். வாரம் ஒரு முறை மாஸ்க், மற்ற நாள்களில் கண்டிஷனர். மாஸ்க் போட்ட அன்று தனியாகக் கண்டிஷனர் தேவையில்லை.

பார்லரில் செய்யும் 'கெராட்டின் ட்ரீட்மென்ட்' என்பது மாஸ்க்கின் அண்ணன் இல்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அது வேறு ஜாதி. சில தயாரிப்புகளில் ஃபார்மால்டிஹைடோ கிளைஆக்சிலிக் அமிலமோ இருக்கும். பார்லரில் முடி ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொண்ட மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி 2024-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் பதிவு செய்தது. பயன்படுத்திய கிரீமில் கிளைஆக்சிலிக் அமிலம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் அவசரமாகப் பார்லருக்குப் போகிறவர்கள், தலையில் பூசப்போவதன் பெயரைக் கேட்டு, டப்பாவைப் படித்த பிறகு உட்காரலாம்.

வீட்டு மாஸ்க் போடலாமா?

போடலாம். வெந்தயம், செம்பருத்தி இலை, வடிகஞ்சி மூன்றும் வழுக்கும் படலம் தருபவை. நன்றாக அரைத்து, வடிகட்டி, இருபது நிமிடத்துக்குள் அலசிவிடவேண்டும். திப்பி தங்கினால் அதை எடுக்கச் சீப்பு போடுவதிலேயே முடி அறுந்துவிடும். முட்டையின் புரத மூலக்கூறு பெரியது, முடிக்குள் போகாது. எலுமிச்சைச் சாற்றை அப்படியே தலைத்தோலில் தேய்ப்பது எரிச்சலைத்தான் தரும். இரவு முழுக்க எதையாவது பூசிக்கொண்டு ஈரத்தலையோடு தூங்குவதிலும் லாபம் இல்லை. ஒட்டவேண்டியது சில நிமிடத்தில் ஒட்டிவிடும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது

டப்பாவின் முன்பக்கத்தில் இருக்கும் ஆர்கன், அவகாடோ, வெங்காயப் படங்களைவிடப் பின்பக்கப் பட்டியல் முக்கியம். அதிகமாக இருப்பது முதலில் வரும். நேர்மின்னேற்றப் பொருள் முதல் ஐந்தாறு இடத்துக்குள் இருந்தால் அது வேலை செய்யும் கண்டிஷனர். விலை குறைவாக இருந்தாலும் சரி. வெங்காயம் வாசனைப் பொருளுக்கும் பின்னால் கடைசி வரியில் இருந்தால், அது அங்கே பெயருக்குத்தான் இருக்கிறது. செட்டரில் ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அது சாராய வகை இல்லை. மெழுகு போன்ற கொழுப்பு. வறட்சியைக் குறைப்பதே அதுதான்.

பயன்படுத்தும் முறையும் அதே அளவு முக்கியம். ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் காதுக்குக் கீழே இருக்கும் முடிக்கு. அலசிய முடியிலிருந்து தண்ணீரைப் பிழிந்துவிட்டுப் பூசவேண்டும்; சொட்டச் சொட்டப் பூசினால் தண்ணீரோடு போய்விடும். இரண்டு மூன்று நிமிடம் போதும். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போகவேண்டும். துண்டால் அடித்து உதறுவதை விட்டுவிடலாம். ஈர முடி எளிதில் நீளும், எளிதில் அறும்.

இரண்டாலும் ஆகாத வேலை

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மாஸ்க் வாங்கும் பலருடைய உண்மையான கவலை சிக்கோ வறட்சியோ இல்லை. "முடி கொட்டுது." குளியலறை ஜல்லடையில் சேரும் முடியைப் பார்த்து வயிறு கலங்கி, அன்றைக்கு ராத்திரியே ஆர்டர் போடுகிறவர்கள்தான் இந்தச் சந்தையின் பெரிய வாடிக்கையாளர்கள்.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. வாரம் இரண்டு முறை மட்டும் தலைக்குக் குளிப்பவருக்கு மூன்று நாள் உதிர்வும் ஒன்றாக வந்து விழும்போது பயமாகத்தான் இருக்கும். விழுந்த முடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். நீளமாக, ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழோடு இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. குட்டையாக, குமிழ் இல்லாமல் இருந்தால் அது நடுவில் அறுந்தது. அறுந்த முடிக்குக் கண்டிஷனர் உதவும். வேரோடு உதிரும் முடிக்கு கண்டிஷனரும் உதவாது, மாஸ்க்கும் உதவாது.

வேரோடு அதிகம் கொட்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு. கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். தைராய்டு காரணமாக இருக்கலாம். வகிடு வருஷா வருஷம் அகலமாகிறது என்றால் பரம்பரையும் ஹார்மோனும் காரணமாக இருக்கலாம். இளம்பெண்களிடம் அடிக்கடி தவறவிடப்படும் காரணம் ஒன்று உண்டு: இரும்புச்சத்துக் குறைவு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நெல் விளைந்து குவியும் மாநிலத்தில் இரண்டில் ஒரு பெண்ணுக்கு மேல் ரத்தம் குறைவு.

இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மாஸ்க் டப்பாவைப் பார்த்தால், பிரச்சினை அழகு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை என்று புரியும். முடி கொட்டுவது சில நேரம் உடம்பு அனுப்பும் முதல் நோட்டீஸ். படி ஏறும்போது மூச்சு வாங்குவது, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாக இருப்பது, எப்போதும் அசதி ஆகியவையும் கூடவே இருந்தால் அது நோட்டீஸ்தான். அதைப் படிக்காமல் மேலே ஒரு கிரீம் பூசி மறைத்தால் ஆறு மாதம் வீணாகும். ஒரு மாஸ்க் தீர்ந்து அடுத்தது, அது தீர்ந்து சீரம், பிறகு வெங்காய எண்ணெய் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் டாக்டரிடம் வருவது நடக்கிற கதைதான்.

ஹீமோகுளோபின் பரிசோதனை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். தேவைப்பட்டால் மருத்துவர் ஃபெரிட்டின், தைராய்டு பரிசோதனைகளையும் எழுதித் தருவார். திருவையாற்றுப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. தினமும் வேலைக்குப் போகும் ஊர்தான். ஒரு நாள் பர்மிஷன் போட்டால் முடியும். சும்மா இரும்பு மாத்திரை வாங்கி விழுங்கவும் வேண்டாம். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து வலித்தாலோ, திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொட்டினாலோ தோல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

மாஸ்க்கைக் குறை சொல்லவேண்டிய அவசியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பதினைந்து நிமிடம் தலையில் எதையோ பூசிக்கொண்டு பாட்டுக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்காக வாங்குகிறவர் தாராளமாக வாங்கட்டும். ஆனால் சம்பளத்திலிருந்து வீட்டுக்கும் அனுப்பி, பஸ் பாஸும் எடுத்து, மீதியில் எது முக்கியம் என்று கணக்குப் போடுகிறவருக்கு வரிசை இப்படித்தான் இருக்கவேண்டும்: முதலில் தட்டில் முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு. அடுத்து வருஷத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. அடுத்து ஒரு சாதாரண கண்டிஷனர். மாஸ்க்குக்குக் காசு மிச்சமிருந்தால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மிச்சமில்லை என்றாலும் கவலை இல்லை, வீட்டில் சோறு வடிக்கிற அன்றைக்குக் கஞ்சியைக் கீழே ஊற்றாமல் இருந்தால் போதும்.